காணி உறுதியும் கெமிக்கல் பேட்டன்ட்டும்

வணக்கம், திருகோணமலை நேயர்கள் எல்லாருக்கும். நான் உவர்மலையில வளந்த ஆள், பேராதனையில கெமிக்கல் இஞ்சினியரிங் படிச்சிட்டு இப்ப லண்டன்ல பேட்டன்ட் அட்டோர்னியா, அதாவது புதுக் கண்டுபிடிப்ப மத்தவன் செய்யாமத் தடுக்கிற உரிமைய எடுத்துக் குடுக்கிற ஆளா இருக்கிறன், லீவுக்கு வந்த என்னப் பிடிச்சு இந்த மைக்குக்கு முன்னால இருத்திட்டாங்க. எங்கட அம்மம்மா இருந்த காலத்துல போன் எடுத்தா கேக்கிற முதல் கேள்வி, "தம்பி நீ இஞ்சினியரோ அப்புக்காத்தோ, ஒண்டச் சொல்லு, கேக்கிற சனத்துக்கு நான் என்னத்தச் சொல்லுற?" ரெண்டும்தான் அம்மம்மா எண்டா, "அப்ப ரெண்டும் அரைகுறை போல" எண்டுவா.

கடைசியில அவவுக்கு விளங்கினது காணி உறுதிய வச்சுத்தான். நொத்தாரிசு உறுதி எழுதேக்க வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை எண்டு நாலு எல்லையும் போடுவார் தானே, நான் எழுதுறதும் அதுதான், நிலத்துக்குப் பதிலா ஒரு செய்முறைக்கு. அந்த எல்லைய நாங்க கிளெய்ம் எண்டுவம். மிச்சம் முப்பது நாப்பது பக்கம் விளக்கம் இருக்கலாம், ஆனா வழக்கு எண்டு வந்தா எல்லாரும் சண்டை பிடிக்கிறது அந்த ரெண்டு மூண்டு வரியிலதான்.

எங்கட புல்மோட்டை மணலையே எடுப்பமே. அந்தக் கறுப்பு மணல்ல இருக்கிற இல்மனைட்டுக்குள்ள இரும்பும் டைட்டேனியமும் ஒக்சிசனும் சேந்து கிடக்கு, ஹைட்ரோகுளோரிக் அசிட்ல போட்டுச் சூடாக்கினா இரும்பு கரைஞ்சு போயிரும், டைட்டேனியம் கூடின பங்கு மிஞ்சும், அதுலதான் பிறகு வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போடுற தூள் செய்யிறது. இதுல ஒருத்தர் புதுசா ஒண்டக் கண்டுபிடிச்சு, 110 டிகிரியில நல்லா வருது எண்டு கொப்பியோட வாறார் எண்டு வைங்க. நான் கேப்பன், 100ல பாத்தீங்களா, 120ல பாத்தீங்களா? அவர் என்ன விசரன் மாதிரிப் பாப்பார், 110லதானே நல்லா வருது, ஏன் மத்தது? ஏனெண்டா நான் 105 முதல் 115 வரை எண்டு எழுதினா, பக்கத்துக் கொம்பனிக்காரன் 118ல வச்சுக்கொண்டு சிரிச்சிட்டுப் போயிருவான். சரி, வெறுமன "சூடாக்கி" எண்டு அகலமா எழுதினா, பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் எத்தினையோ வருசத்துக்கு முந்தின பழைய ஆவணம் ஒண்டத் தூக்கி மேசையில போட்டு இது ஏற்கனவே தெரிஞ்சது எண்டுவார், ஏனெண்டா இல்மனைட்ட சூடான அசிட்ல கரைக்கிறது பழைய வேலைதான். இந்த ரெண்டுக்கும் நடுவில எங்க கதியால் நடுறது எண்டதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சொல்லும் அப்பிடித்தான். ஒரு கலவையில "இன்ன இன்ன அடங்கும்" எண்டு எழுதினா வேற பொருள் சேத்தாலும் எங்கட எல்லைக்குள்ளதான், "இன்ன இன்ன மட்டும்" எண்டு எழுதினா ஒரு சிட்டிகை வேற ஏதும் போட்டவன் வெளியில நிண்டுருவான். ஒரு சொல்லுதான், அதுக்காக ஒரு முழுப் பின்னேரம் இருந்திருக்கிறன்.

எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள குத்துற ஒரு விசயம், பேர் ஊர் வேண்டாம், ஒரு ஆராய்ச்சியாளர் அருமையான வினையூக்கி ஒண்டோட வந்தார், எல்லாம் சரி, கடைசியாக் கேட்டன் எங்கயும் வெளியில சொன்னீங்களா எண்டு, "இல்ல இல்ல, போன மாசம் ஒரு மாநாட்டுல போஸ்டர் மட்டும் ஒட்டினன்" எண்டார். பேட்டன்ட் எடுக்க விசயம் புதுசா இருக்கோணும்; அமெரிக்காவில கண்டுபிடிச்சவர் வெளியில சொன்னாலும் விண்ணப்பம் போட ஒரு வருசம் தவணை இருக்கு, ஐரோப்பாவில அப்பிடிச் சலுகை இல்ல, தானே சொன்னாலும் புதுமை போனது போனதுதான். அந்த மனுசன் முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு.

மத்தப் பக்கமும் இருக்கு, இங்க கனபேருக்கு இது தெரியாது. கனக்க நாடுகள்ல பேட்டன்ட் விண்ணப்பம் போட்டு 18 மாசமளவில அது வெளியில வந்துரும், யாரும் சும்மா வாசிக்கலாம். உரிமை பொதுவா ஆகக்கூட 20 வருசம், அதுவும் எடுத்த நாட்டுக்குள்ள மட்டும். காலம் முடிஞ்சத எவரும் செய்யலாம், ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்ல. கெமிக்கல் படிக்கிற பிள்ளையள் பாடப்புத்தகத்த விட இந்தப் பேட்டன்ட் ஆவணங்கள வாசிச்சாப் பிரயோசனம் எண்டு நான் சொல்லுவன், எத்தினை டிகிரி, எத்தினை மணித்தியாலம், என்ன பிழைச்சுது எண்டெல்லாம் கிடக்கும், வாசிக்கக் கொஞ்சம் அலுப்பு, அது எங்கட ஆக்கள் எழுதுற ஸ்டைல், மன்னிச்சிருங்க.

இங்க வாற நேரம் வாசல்ல நிலாவெளிப் பக்கம் உப்பளத்துல வேல செய்யிற ஒரு அண்ணன் நிண்டு மறிச்சார், தான் ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கிறாராம், ரேடியோவில அதச் சொல்லி விடுங்க தம்பி, சனத்துக்குத் தெரியட்டும் எண்டார். நான் பதறிப்போய் அண்ணன் வாயத் திறக்காதீங்க, முதல்ல கொழும்புல புலமைச் சொத்து அலுவலகத்துல போடுற வழியப் பாப்பம் எண்டன். ஆள் இப்பவும் வெளியில வாங்குல குந்திக்கொண்டு இருக்கிறார், மடியில கொப்பி. அதுல என்ன இருக்கு எண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டன்.