மாத்திரை கைக்கு வந்த பிறகு

(மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், சுகாதாரத் தன்னார்வலர்கள் கூடிய பயிற்சி அரங்கில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? காரணங்கள் பல. அவற்றில் நாம் நேராகக் கைவைக்கக்கூடியது ஒன்று: மாத்திரை வீடு வரை போகிறது, வயிற்றுக்குள் போவதில்லை. சமையலறை அலமாரியில் பிரிக்காத அட்டைகளாகக் கிடக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கேள்வி கேட்கும் விதம். "உங்களுக்குச் சோர்வா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற பெண்ணுக்குச் சோர்வு ஒரு நோயாகவே தெரியாது. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பார். சென்னை பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவரிடம், "தண்ணிக் குடத்தோட படி ஏறும்போது எத்தனையாவது மாடியில நின்னு மூச்சு வாங்குறீங்க? போன வருஷமும் அப்படியா?" என்று கேளுங்கள். "பச்சரிசி, சாம்பல், பல்பம், ஐஸ்கட்டி ஏதாவது தின்னணும்னு தோணுதா?" என்றும் கேளுங்கள். இதைத் தனியாக, மாமியார் இல்லாத நேரத்தில்தான் கேட்க வேண்டும். பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைவை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. கீழ் இமையை இழுத்து, உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும். ஆனாலும் இமை சிவப்பாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனை வேண்டாம் என்று யாரையும் அனுப்பிவிடாதீர்கள்.

அந்தப் பரிசோதனை, ரத்தத்தில் இரும்பு சேர்ந்த சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினை அளப்பது. அதற்கு விரல் நுனியில் ரத்தம் எடுக்கும்போது நடக்கும் தவறுகளைக் கவனியுங்கள். ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் ரத்தத்தோடு கலந்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து அளவைக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, தொங்கவிட்டு, நடுவிரலிலோ மோதிர விரலிலோ பக்கவாட்டில் குத்தினால் பிழிய வேண்டிய தேவையே வராது. நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு 11 கிராம், மற்றப் பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இனி மாத்திரை. இப்போது தருவதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள்; பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். ரத்தசோகை இருப்பவருக்கு மருத்துவர் தினம் இரண்டாக உயர்த்துவார். கர்ப்பமில்லாத, ரத்தசோகையும் இல்லாத பெண்களுக்கு வாரம் ஒன்று போதும்.

போட ஆரம்பித்தவர் நிறுத்துவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். வாய் கசக்கும், குமட்டும், மலம் கறுப்பாகப் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "மலம் கறுத்துப் போகும், அது இரும்பு வெளியேறுறது, பயப்படாதீங்க. குமட்டினா ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போடுங்க." வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் வாந்தி எடுத்து நிறுத்துவதைவிட, சாப்பிட்ட பிறகு போட்டு ஆறு மாதம் தொடர்வதே மேல். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், கீரை, கொய்யா. அதற்கும் கேட்காவிட்டால் செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேட்டுக் கேட்டுப் பழகிய இன்னொரு பேச்சு: "மாத்திரை போட்டா குழந்தை கறுத்துடும், பெருசா வளர்ந்து ஆபரேஷன் ஆயிடும்." இதை அந்தப் பெண்ணிடம் மட்டும் மறுத்துப் பயனில்லை. சொன்னவர் மாமியாராகவோ அம்மாவாகவோ இருப்பார். அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். நிறம் பெற்றோர் வழியாக வருவது. ரத்தம் குறைந்தால்தான் குழந்தை எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கிற ஆபத்து. பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்குகிற தெம்பு தாய்க்கு இருக்காது. இதை மாமியாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொன்னால், மருமகளுக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிறவராகவே அவர் மாறிவிடுவார்.

டீயைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, தானியத்திலும் கீரையிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். காலையில் டீயும் பன்னுமாக வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம் டீயை விடச் சொன்னால் நடக்காது, அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கு இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தருவதால் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். சுண்ணாம்புச் சத்து காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று பிரித்து, அட்டையின் முதுகில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

உணவில், பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும், ஆணுக்கு 19. அதிகம் தேவைப்படுகிறவர் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறார்! ஈரல், மீன், கறி கொஞ்சமே ஆனாலும் அவர் தட்டுக்கும் வர வேண்டும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிவதோ ஒரு நெல்லிக்காய் கடிப்பதோ இரும்பு சேருவதைக் கூட்டும். ஆனால் ரத்தசோகை வந்துவிட்டவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லையா? பெண்மேல் பழி போடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். குடற்புழு இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், பரம்பரை ரத்தக் கோளாறாகவும் இருக்கலாம். மாதவிலக்கையும் விசாரியுங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, மாத்திரையோடு அதற்கும் சிகிச்சை தேவை.

கூட்டத்தை வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் திரும்பியபின், குழந்தைகள் பள்ளி விட்டு வருமுன் வையுங்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், இருபது நிமிடம், ஒரே விஷயம். அடுத்த வாரமே வீட்டுக்குப் போய் அட்டையில் எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று பாருங்கள். "போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் போட்டதாகத்தான் சொல்வார்கள்.

அப்படிப் போகும்போது அட்டை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சிவப்புச் சர்க்கரைப் பூச்சைப் பார்த்தால் குழந்தைகளுக்கு மிட்டாயாகத் தெரியும். ஒரு சில மாத்திரைகளை விழுங்கினாலே சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில், மூடியிட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மீதி அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடச் சொல்லுங்கள்.