வளைந்தும் பிளக்காத பட்டைகளும் ஒயருக்கான 150 ரூபாயும்

வணக்கம், நேயர்களே. என் கையில் இருக்கும் இந்த இரும்புப் பட்டையைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லாடம் போல முழுக்க வளைந்திருக்கிறது, ஆனால் எங்கும் பிளக்கவில்லை. நேற்று மாலை இதைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தபோது, அப்பத்தா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு வாரமா ராவும் பகலுமாப் பழகினியே அப்பு, கடைசியில இப்பிடி வளைஞ்சுபோச்சே" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். வளைந்ததால்தான் வெல்டர் தகுதிச் சோதனையில் தேறினேன் என்பதை அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகும், "ஒடியாத இரும்பை எதுக்கு அப்பு ஒடிச்சுப் பாக்குறாக?" என்று கேட்டார். நல்ல கேள்விதான், வருகிறேன்.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குக் கூரை தாங்கும் இரும்புச் சட்டம் அடித்த காணொளியைப் பார்த்தவர்களுக்கு, நான் பத்து ஆண்டுகளாக 6013 என்ற வெல்டிங் ராடைத்தான் பிடித்துவருகிறேன் என்பது தெரியும். கேட்டுக்கும் கொட்டகைக்கும் அது போதும். இந்த ஐப்பசியில் புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்கு, தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரைத் தாங்கும் கோபுரம் கட்டும் வேலை வந்தது. வரைபடத்தின் ஓரத்தில் பொறியாளர் பொடி எழுத்தில், ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதிப்படி 3ஜி, 4ஜி தகுதி பெற்ற வெல்டர்தான் பற்றவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதி அது. கட்டடங்களுக்கான அவர்களுடைய முதல் விதித்தொகுப்பு 1928-இல் வந்தது. கோபுரத்துக்கு விதி எழுதுபவர்கள் நிதானமானவர்கள், அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பொடி எழுத்தில் எழுதுபவர்கள் மீது அவ்வளவாக இல்லை.

3ஜி என்பது செங்குத்தாக நிறுத்திய இரும்பு பிளேட்டில் கீழிருந்து மேலாகப் போடும் குரூவ் வெல்டு, அதாவது இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பும் வெல்டு. 4ஜி என்பது தலைக்கு மேலே கிடக்கும் பிளேட்டில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு போடுவது. இரண்டிலும் தேறிவிட்டால் பிளேட்டில் எந்த நிலையிலும் போடலாம். 10 மி.மீ. பிளேட்டில் சோதனை கொடுத்தால் 20 மி.மீ. கனம் வரைக்கும்தான் தகுதி கிடைக்கும், 25 மி.மீ. பிளேட்டில் கொடுத்தால் கனத்துக்கு மேல்வரம்பு இல்லை. ஒரு தடவைதானே பணம் கட்டுகிறோம் என்று 25-ஐத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவுக்கு என் தோள்பட்டைதான் விலை கொடுத்தது.

பழகுவதற்கு 25 மி.மீ. துண்டுகள் காரைக்குடியில் தோதாகக் கிடைக்கவில்லை. துவாக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், விளிம்பை 22.5 டிகிரிக்குச் சரித்து வெட்டிய ஆறு துண்டுகளை வாங்கி, அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். எடை ஏறத்தாழ 22 கிலோ. நடத்துநர் சாக்கைக் காலால் ஒதுக்கப் பார்த்தார், அது அசையவில்லை, அவர் கால்தான் வலித்தது. "என்ன அரிசி தம்பி இது?" என்றார். உள்ளதைச் சொன்னேன். சுமைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கீரனூர் தாண்டும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

அந்தத் துண்டுகளை இரண்டிரண்டாக 6 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, பின்னால் ஒரு பேக்கிங் பட்டையை வைத்து டாக் அடிக்க வேண்டும், அதாவது நகராதபடி ஆங்காங்கே பொட்டு வைத்தாற்போல் பற்றவைக்க வேண்டும். இரண்டு சரிவும் சேர்ந்து 45 டிகிரி. அடியில் 6 மி.மீ. இருக்கும் வாய், மேலே வரும்போது கிட்டத்தட்ட 27 மி.மீ. ஆகிவிடுகிறது. இந்தப் பள்ளம் நிறைய, 3.15 மி.மீ. ராடு எனக்குப் பதினேழு, பதினெட்டு பிடித்தது. அதாவது பதினேழு தடவை நெருப்பை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். வெல்டிங்கில் ஓட்டம் எல்லாருக்கும் வரும், தொடக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இனி ராடு. இந்தச் சோதனைக்கு நான் போட்டது 7018. அந்த எண்ணில் 70 என்பது, போட்ட உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 1 என்றால் எல்லா நிலையிலும் போடலாம். 8 என்பது குறைந்த ஹைட்ரஜன் பூச்சு. அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிட்டால், ராடு நுனியில் எரியும் மின்பொறியான ஆர்க்கின் சூட்டில் நீர் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் இறங்கிவிடும். உடனே ஒன்றும் தெரியாது. ஆறிப் பல மணி நேரம் கழித்து உள்ளேயே விரிசல் விடும். ஆகவே உறை பிரித்த ராடை 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது விதி.

இந்த இடத்தில் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய குளிர்பதனப் பெட்டிக்குள் 100 வாட் விளக்கைப் போட்டு, ராடு வைக்க இதுவே போதும் என்று ஒரு காணொளியில் காட்டினேன், நினைவிருக்கிறதா? சென்ற வாரம் அதனுள் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 58 டிகிரி. சாதாரண 6013-க்கு அது பாதகமில்லை, 7018-க்கு அது ஓவனே அல்ல. அந்தக் காணொளியைப் பார்த்துப் பெட்டி செய்தவர்கள் தயவுசெய்து அதில் புத்தகம் அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே 5 கிலோ பிடிக்கும் கையடக்க ஓவன் ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் 2,750 ரூபாய் என்றார். மறுநாள் பணத்தோடு போனால் 2,900 என்கிறார். ஏன் என்று கேட்டால், ஒயர் தனி என்கிறார். ஒயர் இல்லாமல் இந்த ஓவனை நான் எதற்குப் பயன்படுத்துவது, உறியில் கட்டித் தொங்கவிடவா? நேற்று விலை சொன்னபோது ஒயர் அதில்தானே தொங்கிக்கொண்டிருந்தது என்று கேட்டேன். "அது பார்வைக்கு வச்சிருந்தது தம்பி" என்று சிறிதும் கூசாமல் சொன்னார். எனக்கு விலை ஏறுவதில் கூட வருத்தமில்லை, ஒரு பொருளின் வாலை அறுத்து வைத்துக்கொண்டு அதைத் தனியாக விற்பது எனக்கு அறவே பிடிக்காது. திரும்பி வந்துவிட்டேன். இரவெல்லாம் அந்த ஒயர்தான் நினைவில் நின்றது. மூன்றாம் நாள் மறுபடியும் போய், ஒயரைக் கழற்றித் தரச் சொல்லி, 2,750 மட்டும் கொடுத்து வாங்கி வந்து, பட்டறையில் கிடந்த மூன்று கோர் ஒயரைப் பொருத்திக்கொண்டேன். செக்காலைக்கும் பட்டறைக்கும் மூன்று நாள் அலைந்த பெட்ரோல் 180 ரூபாய் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

சோதனை நாளுக்கு வருவோம். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். சோதனை நடந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அங்கே நான் முதலில் பார்த்ததே ராடு ஓவனின் விளக்கு அணைந்திருந்ததைத்தான். கதவு பாதி திறந்து கிடந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே கையை வைத்தேன், ராடு வெற்றிலை போலக் குளிர்ந்திருந்தது. கூட வந்திருந்த பையன்கள் இருவர் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும், உறை பிரிக்காத என் சொந்தப் பெட்டியையும் ஓவனையும் காட்டி, இதில்தான் போடுவேன் என்றேன். மேற்பார்வையாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு பெட்டியில் இருந்த வகையையும் அளவையும் தம்முடைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். உறையைப் பிரித்து, சுட்டுக்கொண்டிருந்த ஓவனில் நேராக இறக்கினேன். அந்த 2,750 ரூபாய் அந்த நிமிடமே வசூலாகிவிட்டது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பிளேட்டை முன்கூட்டியே சூடாக்க வேண்டாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வகை இரும்பு 25 மி.மீ. கனத்தில், குறைந்த ஹைட்ரஜன் ராடு என்றால், 10 டிகிரி இருந்தால் போதும் என்கிறது விதி. நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 10 டிகிரியைப் பார்த்தவர் எவர்? ஈரத்தை மட்டும் துடைத்துவிட்டு, டாக் அடித்து, ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மெஷினின் பிளஸ்ஸில் மாட்டிக்கொண்டு தொடங்கினேன்.

3ஜி-க்கு 110 ஆம்பியர் வைத்தேன். ஆர்க்கை நீட்டவே கூடாது, ராடு பள்ளத்தை உரசுவது போல இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரு மூச்சு நின்று, நடுவை விரைவாகக் கடக்க வேண்டும். நடுவில் நின்றால் வயிறு தொங்கிவிடும், ஓரத்தில் நிற்காவிட்டால் அங்கே ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி உறையும் கசடு, ஒளிந்துகொள்ளும். ராடு மாற்றும்போது, அணைந்த குழிக்குச் சற்று முன்னால் உரசிப் பற்றவைத்து, பின்னுக்கு இழுத்துக் குழியை நிரப்பிவிட்டு மேலே போக வேண்டும். உரசிய தடத்தின் மேலேயே வெல்டு ஏறிவிடுவதால், தொடக்கத்தில் விழும் பொத்தல்கள் உருகி மறைந்துவிடும். இதை நான் மூன்று வாரம் பழகினேன். ஆனால் ஒன்பதாவது ராடில் தும்மல் வந்தது. தும்மலுக்குப் பிறகு ஸ்லாக்கைச் சுரண்டாமல் மேலேயே பற்றவைத்துவிட்டேன், அது எனக்கே தெரிந்தது.

4ஜி-யைப் பற்றி நீளமாகப் பேச விரும்பவில்லை. 115 ஆம்பியர், ஒல்லியான நேர்க்கோடுகள், கழுத்து வலி, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்லாக் தட்டுவதற்காகப் பிளேட்டைக் கீழே இறக்கக்கூடாது, எந்த நிலையில் போட்டோமோ அந்த நிலையிலேயே சுத்தம் செய்ய வேண்டும். அண்ணாந்து தட்டினால் அது எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். காலரைப் பித்தான் போட்டு மூடியிருந்தும், ஒரு துண்டு உள்ளே புகுந்து முதுகு வழியாக இடுப்பு வரை பயணம் செய்தது. நான் ராடை நிறுத்தவில்லை. இந்தத் தழும்பைக் காட்டலாம், ஆனால் அப்பத்தாவும் இந்தக் காணொளியைப் பார்ப்பார்.

பிறகு வளைப்பு. ஒவ்வொரு பிளேட்டிலும் குறுக்காக 10 மி.மீ. கனத்தில் இரண்டிரண்டு பட்டைகள், மொத்தம் நான்கு. வெட்டிய பிறகு தேய்த்த கோடுகள் நீளவாக்கில்தான் இருக்க வேண்டும், குறுக்குக் கோடு இருந்தால் அங்கிருந்தே கிழியத் தொடங்கும். 38 மி.மீ. விட்டமுள்ள உருளையின் மேல் வைத்து ஹைட்ராலிக்கால் அழுத்தினால் பட்டை லாடமாகிறது, அதன் வெளிப்புறம் சுமார் 20 விழுக்காடு நீள்கிறது. உள்ளே ஸ்லாக்கோ பொத்தலோ ஒளிந்திருந்தால் அந்த நீட்சியில் வாயைத் திறந்துவிடும். அப்பத்தா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆலைக் கோபுரம் ஆடும்போது வாயைத் திறப்பதைவிட, இங்கே திறக்கட்டும் என்றுதான் வளைக்கிறார்கள்.

மூன்று பட்டைகள் கண்ணாடி போல வந்தன. நான்காவதில், தும்மிய இடத்தில், ஒரு சிறு கண் திறந்திருந்தது. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒரு குறை 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் தோல்வி. 1 மி.மீ.க்கு மேற்பட்ட சிறு குறைகளைக் கூட்டினால் 10 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. உடனே மறுசோதனை என்றால் அந்த நிலைக்கு ஒன்றுக்கு இரண்டு பிளேட் போட வேண்டும். ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்கேலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வேறு கோணத்தில் வைத்தார். "ரெண்டு" என்றார். இரண்டு மி.மீ. தேறிவிட்டேன். இதோ, அந்தக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், எள்ளு அளவுதான் இருக்கிறது. குளிர்ந்த ராடு எடுத்த பையன்களில் ஒருவனுடைய பட்டை, பாதி வளைவதற்குள் பலகை போலப் பிளந்தது. காரணம் ராடுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஓவனின் பிளக்கை யாரும் சொருகவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்தத் தகுதி, இதே முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யாமல் விட்டால் போய்விடும். ஆகவே, எந்த நாளில் எங்கே 7018 போட்டேன் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். 40 ரூபாய், ஒயர் எதுவும் தனியாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை புதுவயலில் முதல் தூண். அதுவரை ஓவன் இங்கே சூடாகத்தான் இருக்கும். மழையில் கொத்தவரங்காய் வற்றல் காயவில்லை, அதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று அப்பத்தா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். வற்றலின் ஈரம் முழுவதும் என் ராடுக்குள் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் தட்டோடு பட்டறை வாசலில் நிற்கிறார். குளிர்பதனப் பெட்டியில் அந்த விளக்கு இன்னும் எரிகிறது, 58 டிகிரி வற்றலுக்குச் சரியாக இருக்கும். புத்தகத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு வருகிறேன்.