சைக்கிள் வந்துவிட்டது, சாலையை யார் சொல்லித் தருவது?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிளஸ் ஒன் சேர்ந்தால் விலையில்லா சைக்கிள் உண்டு. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. நேரத்துக்கு பஸ் வராத ஊர்களில் அதன் அருமை எல்லாருக்கும் தெரியும். சரி, சைக்கிள் வந்துவிட்டது. குரங்கு பெடல் போட்டுத் தெருவில் பழகிய பிள்ளைக்கு, லாரி ஓடும் மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்ப யார் சொல்லித் தந்தார்கள்? பெரும்பாலும் யாருமில்லை.

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். இன்று அங்கே நாம் பார்த்து வியக்கும் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது. இன்னொன்றும் செய்கிறார்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சாலைத் தேர்வு வைக்கிறார்கள். தாளில் எழுதினால் மட்டும் போதாது, நிஜமான சாலையில் ஓட்டியும் காட்ட வேண்டும்.

தனிப் பாதை நமக்கு எப்போது வருமோ! அந்தத் தேர்வை நாமே வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்குப் போகும் அதே வழியில் பிள்ளையோடு நீங்களும் சைக்கிளில் போய்ப் பாருங்கள். திரும்புவதற்கு முன் பின்னால் பார்க்கிறதா, கை காட்டுகிறதா என்று கவனியுங்கள். நின்றிருக்கும் பஸ்ஸின் இடது பக்கம் நுழையக் கூடாது, ஆட்கள் இறங்குவார்கள். லாரியை ஒட்டிப் போனால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. பெரிய சந்திப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்புறம், புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டவே கூடாது. பாதி நேரம் வண்டி ஆடுவது அதனால்தான். புது சைக்கிளாகவே இருந்தாலும் சைக்கிள் கடையில் கொடுத்து பிரேக்கையும் சீட்டின் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

நடந்து போகும் சின்னப் பிள்ளைகள் கதை வேறு. எட்டு, ஒன்பது வயது வரைக்கும் வரும் வண்டி எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று அவர்களால் சரியாகக் கணிக்க முடியாது. 'பார்த்துப் போ' என்பதில் பயன் குறைவு. தெருப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, நாளுக்கு ஒரு பெரியவர் முறை வைத்துக் கூட்டிப் போகலாம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும்.

வண்டியில் கொண்டுவிடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காலை மணி அடிக்கும் நேரத்தில் பள்ளி வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகளுக்கு அங்கே பெரிய ஆபத்தே நம் பைக்குகளும் கார்களும்தான். 200 மீட்டர் முன்னாலேயே ஓரமாக நிறுத்தி, மீதியைப் பிள்ளையோடு நடந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.