நம்பர் தெரியாமலா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வேலூர் மக்களே, வணக்கம். குழந்தைக்கு நடக்கிற கொடுமையை நாம வெளியே சொல்லாததுக்குக் காரணம் அறியாமையா, உறவா? உறவுதான்னு பேச வந்திருக்கேன்.

சந்தேகம் வந்தாலே வெளியே சொல்லணும்னு எங்க அணி சொன்னதுக்கு எதிரணித் தம்பி கேட்டாரு: "நீங்க சொல்றபடி பார்த்தா, பேரன் கன்னத்தைக் கிள்ளுற கிழவியையும் போலீஸ் ஜீப்புல ஏத்தணுமே!" நீங்களும் கை தட்டினீங்க. தம்பி பேச்சு நம்ம பாலாறு மாதிரி. அகலம் பெரிசு, தண்ணி இல்ல.

கிள்ளின கிழவிக்கு ஜீப்பு வராது தம்பி. கிள்ளாத அம்மாவுக்குத்தான் வர இருந்துது. கேளுங்க.

எங்க எதிர்வீட்டுல கொல்கத்தாப் பக்கத்துக் குடும்பம், வைத்தியத்துக்கு வந்தவங்க. கைக்குழந்தையை வாசல்ல குளிப்பாட்டறாங்க. பின்பக்கம் பார்த்தா உள்ளங்கை அகலத்துக்கு நீலம்! "இன்னா அடி அடிச்சிகீறா பாரு!"ன்னு ஒரு பாட்டி கத்தினாங்க. பத்து நிமிஷத்துல ஏழு பேரு கூடியாச்சு. ஒருத்தர் குழந்தைங்க உதவி நம்பர் 1098-ஐப் பாதி அழுத்தியாச்சு. பாஷை தெரியாத அந்தப் பொண்ணு அழறா. "தப்பு பண்ணவதான் அழுவா"ன்னு அதுக்கும் ஒரு தீர்ப்பு!

நைட் டூட்டி முடிச்சு வந்த நர்ஸக்கா பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "அடி இல்லடி, மங்கோலியத் திட்டு. பிறவியிலேயே வரும், வளர வளர மறையும். உம் பேரனைத் தூக்கிட்டு வா."

தூக்கிட்டு வந்தாங்க. திருப்பினாங்க. அங்கேயும் நீலம்! அன்னிக்குச் சாயந்திரம் எங்க தெருவுல திருப்பிப் பார்க்காத குழந்தை இல்ல நடுவரே. ஊருக்கு முன்னாடி கத்தின பாட்டி, பேரனை முந்தானையில மூடிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

"அதான் அறியாமை"ன்னு எழுந்திருக்காதீங்க தம்பி. ஏழு பேருக்கும் 1098 மனப்பாடம்!

அதே தெருவுல இன்னொரு பிள்ளை. பேரைச் சொல்ல மாட்டேன், தெருப் பேரையும் சொல்ல மாட்டேன், சட்டமே அப்படி. சித்தப்பா ஊர்லேர்ந்து வந்தா, தலையணையோட பக்கத்து வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அந்த ஏழு பேரும் என்ன சொன்னாங்க? "சொந்தத்துக்குள்ள பேசித் தீர்த்துக்குவாங்க. பொட்டப் புள்ள, பேரு கெட்டுடும்."

குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலேர்ந்து காக்கிற 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவு, நடந்துடுமோன்னு அச்சம் இருந்தாலே சொல்லணும்ங்குது. நடந்தது தெரிஞ்சும் மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் சிறை. நல்லெண்ணத்தோட சொன்னவங்க மேல வழக்கு வராது. அந்த ஏழு பேருல இதெல்லாம் படிச்சவங்களும் உண்டு.

நடுவரே, அந்தப் பக்கத்து வீடு என் வீடுதான். ஏழுல ஒருத்தி நான்.

ரெண்டு வருஷம் பாய் விரிச்சேன், சோறு போட்டேன். ஏம்மான்னு ஒரு வார்த்தை கேட்கல. கேட்ட அன்னிக்கு அது சொல்லுச்சு: "நீங்க கேப்பீங்கன்னுதான் அத்தை, ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுக்கே வந்தேன்."

அன்னிக்கு ராத்திரிதான் அந்த நாலு நம்பரையும் முழுசா அழுத்தினேன்.