மூங்கில் துண்டில எண்ணின தேக்கங்காடு

எல்லாருக்கும் வணக்கம். முன்னுக்கு இருக்கிற பிள்ளையளிட்ட ஒரு கேள்வி, எங்கட திருகோணமலையின்ர பேரில ஒரு கப்பல் இருக்கு, தெரியுமா? எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1817 இல பம்பாயில தேக்கு மரத்தால கட்டினது, இண்டைக்கும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூல் எண்ட ஊரில தண்ணியிலதான் நிக்குது. அப்பிடி உழைக்கிற மரம் எண்டதாலதான் தேக்குக்குக் கஷ்டகாலம் பிடிச்சது, இங்கிலாந்தில ஓக் மரம் தட்டுப்பாடு, கடற்படைக்கோ கப்பல் வேணும், மலபார்க் காட்டை வெட்டினாங்கள், பிறகு பர்மாவுக்குப் போய் அங்கயும் வெட்டினாங்கள், எவ்வளவு மிச்சம் நிக்குது எண்டு ஒருத்தரும் பாக்கேல்ல.

அந்த நேரத்தில, 1856 இல, பர்மாவில இருக்கிற பெகு காடுகளுக்குப் பொறுப்பா, அப்ப இந்தியாவின்ர கவர்னர் ஜெனரலா இருந்த டல்ஹவுசி பிரபு அனுப்பின ஆள்தான் டீட்ரிக் பிராண்டிஸ். 1824 இல ஜெர்மனியில பொன் (Bonn) எண்ட நகரத்தில பிறந்தவர், தாவரவியல் படிப்பிச்சவர். அவர் போய்ச் செய்த முதல் வேலை எண்ணினதுதான். யானையில ஏறிக் காட்டுக்குள்ள நேர்கோடு மாதிரிப் போறது, ரெண்டு பக்கமும் தெரியிற தேக்கைச் சுற்றளவு பாத்து நாலு வகையாப் பிரிக்கிறது. மழையில கொப்பி நனைஞ்சு போகும், அதால மூங்கில் துண்டில கத்தியால வெட்டு வெட்டி அடையாளம் வச்சவர். ஆறு அடிச் சுற்றளவுக்கு மேல எண்டா முதலாம் வகுப்பு. நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ரெண்டாம் வகுப்பு. ரெண்டாம் வகுப்பு மரம் முதலாம் வகுப்பாக 24 வருசம் பிடிக்கும் எண்டு கணக்குப் பாத்திட்டு, அப்ப வருசத்துக்கு முதலாம் வகுப்பில 24 இல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது எண்டார். இவ்வளவுதான் விசயம். கந்தளாய்க் குளத்தில நீர்மட்டம் பாக்காம மதகைத் திறப்பாங்களா? காட்டில மட்டும் பாக்காமத்தான் திறந்துகொண்டிருந்தவங்கள். மர யாவாரியள் விடுவாங்களா, கடும் எதிர்ப்பு, மனுசன் அசையேல்ல.

எனக்கு அவரில கூடப் பிடிச்சது இன்னொண்டு. மலையில கரேன் சனங்கள் காட்டை வெட்டி எரிச்சுச் சேனை செய்யிறவை, எங்கட பக்கத்துச் சேனை மாதிரித்தான். அவையைத் துரத்திறதை விட்டிட்டு, நெல்லோட சேத்துத் தேக்கங்கண்டும் நட வச்சு அதுக்குக் கூலியும் குடுத்தார், டாங்யா முறை எண்டு சொல்லுறது அதைத்தான். பின்னாளில எங்கட வரண்ட வலயத்திலயும் சேனைக்காரரைக் கொண்டு அப்பிடித்தான் தேக்கு நட்டவை, தேக்கு எங்கட நாட்டு மரமும் இல்ல, ஒல்லாந்தர் காலத்தில வந்தது.

1864 இல பிராண்டிஸ் முழு இந்தியாவின்ர காட்டு இலாகாவுக்கும் அதிபதி, 1878 இல டேராடூனில காட்டு அதிகாரியளுக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். அதே 1878 இல வந்த காட்டுச் சட்டம் கனக்கக் காட்டை அரசாங்கத்தின்ர கைக்குள்ள கொண்டு போச்சு, அதை நான் மறைக்க மாட்டன். ஊருக்கெண்டு காடு விடவேணும் எண்டு பிராண்டிஸ் கேட்டது அந்தளவுக்கு எடுபடேல்ல. விறகுக்கும் தேனுக்கும் போன சனம் ஒரே நாளில கள்ளராகிச்சுதுகள். இலங்கைக்கும் அந்தக் காத்து அடிச்சது, 1885 இல இங்கயும் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது.

இப்ப எங்கட காட்டுக்கு வாறன். முதிரை, பாலை, வீரை, சமண்டலை. சமண்டலை மரத்தை வெள்ளைக்காரன் எங்கட ஊர்ப் பேரிலதான் கூப்பிட்டவன், சென்னைக் கரையில அலையில ஓடுற மசூலா வள்ளம் கட்டவும் அது போனது. இண்டைக்கு முதிரைக் கதவு போட்டிருக்கிறம் எண்டு பெருமையாச் சொல்லுறம், ஆனா அந்தளவு பருமனான முதிரையைக் காட்டில கண்ட பிள்ளையள் இங்க எத்தின பேர்? முதிரை வளர எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு தளபாடக் கடையில ஒருத்தரும் கேக்கிறேல்ல, கேட்டா நாங்கள் தைரியமா வாங்க மாட்டம்.

அதால பிள்ளையளே, வளவிலயோ பள்ளிக்கூடத்திலயோ கோயில் வீதியிலயோ நிக்கிற ஒரு முதிரையை எடுங்கோ. நிலத்தில இருந்து நாலரை அடி உயரத்தில தையல் டேப்பைச் சுத்தி அளவுங்கோ, திகதியோட எழுதி வையுங்கோ. மாரி முடிஞ்சு தை மாசம் திரும்ப அளவுங்கோ. அளந்ததை எனக்குக் கொண்டு வந்து காட்டுங்கோ, எல்லாரிட அளவையும் ஒரே கொப்பியில பதிவம்.