பாரிசவாதத்துக்குப் பிறகு சொல் தேடும் மனிதர்கள்

வணக்கம் நேயர்களே.

வன்னியில் ஒருவர் பேச்சடங்கிப் போனால் நாம் காரணம் தேடுவதில்லை. 2009 போரை நினைத்துக்கொண்டு, "பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், யோசனையில் இருக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். பாரிசவாதம் வந்தவர்களின் வீடுகளிலும் இதையே கேட்டிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. மூளையில் மொழியை ஆளும் பகுதி, அநேகருக்கு இடப்பக்கத்தில் இருப்பது, இரத்தம் கிடைக்காமல் பழுதுபட்டிருக்கிறது. இதை அஃபேசியா என்கிறார்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உண்டு. தலையில் ஷெல் துண்டு பட்டவர்களுக்கும் வரலாம்.

அறிவு மங்கவில்லை. தேநீர் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல்தான் வர மறுக்கிறது. "எழுதிக் காட்டுங்கள்" என்று கொப்பியை நீட்டினால் எழுத்தும் வராது. சிலர் வாயால் "ஓம்" என்று சொல்லிக்கொண்டே தலையால் மறுப்பார்கள். ஆனால் சிறுவயதில் பாடமாக்கிய தேவாரம் தடையின்றி வரும். கோபம் வந்தால் ஏச்சும் தெளிவாக வரும்! உடனே வீட்டார், "நடிக்கிறார்" என்கிறார்கள். பாவம். பழகிய வரிகள் தாமாக ஓடிவரும். புதிதாக ஒரு வசனம் கட்டுவதுதான் அவருக்குக் கஷ்டம்.

எல்லாவற்றிலும் கொடியது தொலைபேசி. கனடாவிலிருந்து மகள் அழைப்பாள். முகம் தெரியாது, கைச்சைகை தெரியாது, குரல் மட்டும். அவர் ஒரு சொல்லைத் தேடும் இடைவெளியில் அவள், "அப்பா, கேட்கிறதா?" என்று உரக்கக் கத்துவாள். காது நன்றாகத்தான் கேட்கிறது. பக்கத்தில் நிற்கும் மருமகன் போனை வாங்கி, "மாமா நன்றாக இருக்கிறார்" என்று முடித்துவிடுவார். சில மாதங்களில் போன் அடித்தாலே அவர் முற்றத்துக்கு எழுந்து போய்விடுகிறார். வீடியோ அழைப்பு எவ்வளவோ மேல். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு பொறுத்திருங்கள். அவருடைய வசனத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேளுங்கள். வருடங்கள் கடந்தவர்களிடமும் முன்னேற்றம் காணப்படுகிறது.

இன்னொன்று. பாரிசவாதம் மறுமுறையும் வரலாம். தனித்திருக்கும்போது வந்தால், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து இடம் சொல்ல இவரால் முடியாது. அயல்வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: வாய் கோணினாலோ கை சோர்ந்தாலோ அவர்கள்தான் அழைக்க வேண்டும்.