வாசற்படிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். உள்ளாட்சிப் பணம் உருப்படியாகச் செலவாகிறதா என்று பேச்செடுத்தால், டெண்டர், கமிஷன் என்றுதான் ஆரம்பிப்போம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் ஒரு பைசாகூடத் திருடாமலும் பணத்தைப் பாழாக்க முடியும். சென்னையின் பழைய தெருக்களில் வாசற்படிகளைப் பாருங்கள், தெரியும்.

முன்பு படியேறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று படியிறங்கிப் போகிறார்கள். வீடு தாழவில்லை, தெரு உயர்ந்துவிட்டது. தேய்ந்த தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் போட்டால், தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் நாலே தடவையில் 16 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு படி! மழைத்தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டுக் கூடத்துக்குள் வருகிறது. அப்புறம் வீட்டுக்காரர் கடன் வாங்கி வீட்டையே தூக்குகிறார். அஸ்திவாரத்தை ஒட்டிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகி, தூக்கிய இடைவெளியில் செங்கல் கட்டுவார்கள். லட்சக்கணக்கில் ஆகும். அந்தச் செலவு எந்த மாநகராட்சி பட்ஜெட்டிலும் ஏறாது. அங்கே சுரண்டும் கூலி மிச்சம் என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. பெரிய சாலைகளில், பழைய தாரைச் சுரண்டியெடுக்கும் மில்லிங் இயந்திரம் சுலபமாக ஓடும். முட்டுச்சந்தில் அது திரும்பவே இடமிருக்காது, வேலையை வந்து பார்க்கும் அதிகாரிகளும் குறைவு. என் சந்தேகமெல்லாம் அங்கேதான். தார் காய்வதற்குள் குடிநீர்க் குழாய்க்காக மறுபடி வெட்டுவது தனிக்கதை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நம் கையிலும் ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காகிதங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே பார்வையிடக் கேட்கலாம். போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம். நகரங்களில் இப்போது, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. பில் பாஸான பிறகு கேட்டு என்ன பயன்? தார் லாரி வருவதற்கு முன்பே எஸ்டிமேட்டை வாங்கி, மில்லிங்குக்கு என்று தனியாகத் தொகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.